பெயரைக் கேட்காதே, அடையாளச் சொல்லைக் கேள்: மேஜர் லாரன்ஸும் திருச்சிச் சிப்பாய்களும்

(சமயபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சமயபுரம் என்றால் மாரியம்மன். பூச்சொரிதல், பச்சைப் பட்டினி விரதம், சித்திரைத் தேர் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த ஊருக்கு வேறொரு வரலாறும் உண்டு. பக்கத்துக் கண்ணனூர், 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னன் வீரசோமேசுவரனின் தலைநகராக இருந்தது. அதற்கு நூறாண்டு கழித்து, அதே கண்ணனூர்க் கொப்பத்தில்தான் மூன்றாம் வீரவல்லாளன் மதுரை சுல்தானின் படையிடம் சிக்கினான்; பின்னர் கொல்லப்பட்டான். 1752ஆம் ஆண்டில் இங்கே நடந்த ஒரு நள்ளிரவுச் சண்டை, தென்னிந்தியாவை ஆளப்போவது பிரெஞ்சுக்காரரா ஆங்கிலேயரா என்ற வழக்கில் ஒரு முக்கியமான சாட்சி. அந்தச் சண்டையைக் கிளைவின் வீரக் கதையாகவே நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கிளைவுக்கு மேலே ஒருவர் இருந்தார். அவர்தான் இன்றைய பொருள்: ஸ்டிரிங்கர் லாரன்ஸ்.

அவரைப் போற்றுவதற்காக இந்தக் கூட்டம் இல்லை. இந்தியப் படையின் தந்தை என்று ஆங்கிலேயர் அவரை அழைத்தார்கள். தந்தையா என்பது இருக்கட்டும். ஆசிரியர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர் கற்றுக் கொடுத்தது என்ன, அதைக் கற்றவர்கள் யார், கற்றவர்களுக்குக் கிடைத்தது என்ன என்ற மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஊட்டிக்கு அருகே லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளி இவர் பெயரால் வந்ததல்ல. அது 1857இல் லக்னோவில் இறந்த சர் ஹென்றி லாரன்ஸின் பெயர். நம்மவர் அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தியவர்.

ஸ்டிரிங்கர் லாரன்ஸ் 1697 வாக்கில் இங்கிலாந்தின் ஹெரிபோர்டில் பிறந்தார். 1727இல் ஜிப்ரால்டரில், கிளேட்டன் ரெஜிமென்டில் கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். ஃபிளாண்டர்ஸ் போர்க்களங்களைப் பார்த்தார். இருபது ஆண்டு உழைத்தும் பெரிய பதவி எதுவும் வந்து சேரவில்லை. 1748 ஜனவரியில் கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது ஐம்பது. பணி ஓய்வைப் பற்றி யோசிக்க வேண்டிய வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கு மேஜராக வந்தார்.

வந்து பார்த்தால் படை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்துவிட்டது. அதே ஆண்டு அடையாற்றங்கரையில், ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கான் கொண்டுவந்த பெரும்படையை, பாரடி என்ற அதிகாரியின் கீழ் சில நூறு பேர் கொண்ட பிரெஞ்சுப் படை சிதறடித்தது. பிரெஞ்சுப் படையிலும் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள். ஆகவே வெற்றிக்குக் காரணம் நிறமல்ல. வரிசை கலையாமல் நின்று, கட்டளைக்குச் சுட்டு, மறுபடி மருந்து கெட்டித்து, மறுபடி சுடும் பழக்கம்தான் வென்றது. அந்தப் பழக்கம் ஆங்கிலேயரிடம் இல்லை. அவர்களிடம் இருந்தவை ஆங்காங்கே காவல் காத்த சிறு படைப்பிரிவுகள். சிப்பாய் என்ற பெயரில் இருந்தவர்களில் பலரிடம் ஒழுங்கான துப்பாக்கிகூடக் கிடையாது.

லாரன்ஸ் சிதறிக் கிடந்த அந்தப் பிரிவுகளை ஒரே பட்டாளமாக்கினார். கவாத்து, இராணுவச் சட்டம், தவறு செய்தால் விசாரணை என்று ஒழுங்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் கடலூரைத் தாக்கப் பிரெஞ்சுப் படை வந்தது. லாரன்ஸ் பகலில், எல்லாரும் பார்க்க, கடலூரிலிருந்து ஆட்களையும் பீரங்கிகளையும் கோட்டைக்குள் கொண்டுபோனார். இருட்டியதும் ஓசையில்லாமல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். ஊர் காலியாகிவிட்டது என்று நம்பி நள்ளிரவில் ஏணியோடு வந்தவர்கள் குண்டு மழையில் நனைந்து புதுச்சேரிக்கு ஓடினார்கள். ஆனால் ஆகஸ்டில் புதுச்சேரி முற்றுகையின்போது அரியாங்குப்பத்தில் லாரன்ஸே பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டார். ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்ட பிறகுதான் விடுதலை.

1749இல் கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்திலுள்ள தேவிக்கோட்டை. தஞ்சை மராட்டியருடன் சண்டை. முன்னணித் தாக்குதலுக்குத் தலைமை கேட்டு வாங்கியவர் இளைஞர் ராபர்ட் கிளைவ். கணக்கெழுத வந்து போர்வீரரானவர். அவரோடு 34 ஐரோப்பியரும் 700 சிப்பாய்களும் அனுப்பப்பட்டார்கள். ஐரோப்பியர் முன்னே ஓடினார்கள். சிப்பாய்கள் ஓடையைக் கடந்ததும் நின்றுவிட்டார்கள். இடைவெளியில் தஞ்சைக் குதிரைப் படை புகுந்து வெட்டியது. 34 பேரில் 26 பேர் அங்கேயே இறந்தார்கள். கிளைவ் நூலிழையில் தப்பினார். பிறகு லாரன்ஸ் மிச்சமிருந்த படையைத் தாமே நடத்திக் கோட்டையைப் பிடித்தார்.

அந்த 700 பேரைக் கோழைகள் என்று எழுதி முடித்துவிடலாம், எழுதியவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். பக்கத்தில் நிற்பவன் ஓடமாட்டான் என்ற உறுதியை அவர்களுக்கு அதுவரை யார் கொடுத்தார்கள்? வீரம் தனி மனிதனிடம் பிறவியிலேயே இருக்கலாம். கூட்டத்துக்கு அது பயிற்சியால்தான் வரும். லாரன்ஸின் பாடத்திட்டமே இந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

சம்பளத் தகராறில் 1750இல் இங்கிலாந்து திரும்பியவர், 1752 மார்ச்சில் மறுபடி வந்தார். அப்போது நம் திருச்சி முற்றுகையில் இருந்தது. ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் போட்டி. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர். முகமது அலிக்கு ஆங்கிலேயர், தஞ்சை, மைசூர், முராரி ராவின் மராட்டியக் குதிரைப் படை. முகமது அலி மலைக்கோட்டைக்குள் அடைபட்டிருந்தார். லாரன்ஸ் பிரெஞ்சுப் படையின் வழிமறிப்பைத் தாண்டித் திருச்சிக்குள் நுழைந்தார். பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா பின்வாங்கித் திருவரங்கத் தீவுக்குள் போய் உட்கார்ந்தார்.

இங்கே கிளைவ் ஒரு யோசனை சொன்னார். படையை இரண்டாகப் பிரிப்போம். ஒரு பாதி தெற்கே காவிரிக் கரையில் இருக்கட்டும், மறு பாதி கொள்ளிடத்துக்கு வடக்கே போய்ப் புதுச்சேரிச் சாலையை அடைக்கட்டும் என்றார். அபாயமான யோசனை. இரண்டு பாதிகளில் ஒன்று தோற்றாலும் எல்லாம் போச்சு. லாரன்ஸ் ஒப்புக்கொண்டார். தம்மைவிட இருபத்தெட்டு வயது இளையவரின் திட்டத்தை ஏற்று, மற்ற கேப்டன்களை ஒதுக்கி, அவருக்கே தலைமையையும் கொடுத்தார். மாணவன் சொல்வது சரி என்றால் அதை ஏற்கும் ஆசிரியர் எந்தத் துறையிலும் அரிது. இராணுவத்தில் இன்னும் அரிது.

ஏப்ரல் தொடக்கத்தில் ஓர் இரவு கிளைவ் இரு ஆறுகளையும் கடந்து சமயபுரத்துக்கு வந்தார். 400 ஐரோப்பியர், 700 சிப்பாய்கள், மராட்டிய, தஞ்சைக் குதிரைப் படைகள். ஆங்கிலேயர் அப்போது பழைய நாட்காட்டியில் இருந்ததால் அவர்கள் குறித்த நாள்கள் இன்றைய கணக்குக்குப் பதினொரு நாள் பின்தங்கியவை. இந்தப் போர்களை எழுதிய ராபர்ட் ஓர்ம், ஊட்டத்தூர்ச் சாலையின் இருபுறமும் கால் மைல் இடைவெளியில் இரண்டு கோயில்கள் இருந்ததாகக் குறிப்பிடுகிறார். மாரியம்மன் கோயிலும் போஜீசுவரர் கோயிலும் என்று அவற்றைக் கொள்வார்கள்.

ஏப்ரல் 15 இரவு. புதுச்சேரியிலிருந்து வரும் தோத்தேய் என்ற பிரெஞ்சு அதிகாரியை மறிக்கப் போன கிளைவ், அலைந்து களைத்துத் திரும்பிவிட்டார். அவர் திரும்பியது திருவரங்கத்தில் இருந்த லாவுக்குத் தெரியாது. முகாம் பாதி காலி என்று நினைத்து 80 ஐரோப்பியரையும் 700 சிப்பாய்களையும் அனுப்பினார். அந்த 80 பேரில் 40 பேர் ஆங்கிலப் படையை விட்டு ஓடிப்போய்ப் பிரெஞ்சுக்காரரிடம் சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் தலைவன் ஓர் அயர்லாந்துக்காரன்.

பாராவில் இருந்த சிப்பாய்கள் தடுத்தார்கள். அயர்லாந்துக்காரன் முன்னே வந்து, கிளைவுக்குத் துணையாக மேஜர் லாரன்ஸ் எங்களை அனுப்பியிருக்கிறார் என்றான். கூட இருந்தவர்கள் பேசியதும் ஆங்கிலம். லாரன்ஸ் பெயரைக் கேட்டதும் பாராக்காரர்களுக்குச் சந்தேகம் போய்விட்டது. அன்றைய அடையாளச் சொல் என்ன என்று கேட்க வேண்டும், கேட்கவில்லை. வழிகாட்ட ஓர் ஆளையும் கூட அனுப்பினார்கள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிரி, முகாமின் நடுவுக்கு வந்துதான் சுட ஆரம்பித்தான். சத்திரத்தில் படுத்திருந்த கிளைவின் காலடியில் இருந்த பெட்டியில் குண்டு பாய்ந்தது. பக்கத்தில் படுத்திருந்த பணியாள் இறந்தான். கிளைவ் எழுந்து ஓடி, சுடுபவர்கள் தம் சிப்பாய்களே, பயந்துபோய்ச் சுடுகிறார்கள் என்று நினைத்து, எதிரிச் சிப்பாய்களின் நடுவே நின்று திட்டிக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவன் வெட்டிய பிறகுதான் உண்மை புரிந்தது. கோயிலுக்குள் புகுந்துகொண்ட ஓடுகாலிகள் விடியும்வரை தாக்குப் பிடித்தார்கள். பேச்சு வார்த்தைக்காகக் கிளைவ் இரத்தம் இழந்த நிலையில் இரண்டு சார்ஜென்ட்களின் தோளில் சாய்ந்து கோயில் வாசலில் நின்றபோது, அயர்லாந்துக்காரன் சுட்டான். குண்டு கிளைவைத் தவறிச் சார்ஜென்ட்கள் இருவரையும் கொன்றது. அதன் பிறகே மற்றவர்கள் சரணடைந்தார்கள். பிரெஞ்சுப் பக்கத்துச் சிப்பாய்கள் 700 பேரையும் மராட்டியக் குதிரைப் படை திறந்தவெளியில் துரத்தி வெட்டியது.

வரலாற்று நூல்கள் இந்த இரவைக் கிளைவின் அதிர்ஷ்டமாகச் சொல்கின்றன. எனக்கு இதில் முக்கியமானவர்கள் பாராவில் நின்றவர்கள். அவர்கள் தூங்கவில்லை, ஓடவில்லை, காசு வாங்கவில்லை. ஒரு பெரிய பெயரை நம்பினார்கள், அவ்வளவுதான். இராணுவக் கல்வியின் முதல் பாடம் இதுதான்: தலைவர் பெயரே சொன்னாலும் அடையாளச் சொல்லைக் கேள். லாரன்ஸே நேரில் வந்து நின்றாலும் கேள். ஆளைவிட விதி பெரியது என்று ஒரு காவற்காரன் மனதார நம்பும்போதுதான் கூட்டம் படையாகிறது.

பொறி மூடிவிட்டது. லால்குடியும் பிச்சாண்டார்கோவிலும் கைமாறின. தோத்தேய் வாலிகண்டபுரம் பக்கத்தில் சரணடைந்தார். ஜூனில் ஜாக் லா, சுமார் 800 ஐரோப்பியரோடும் 2,000 சிப்பாய்களோடும் திருவரங்கத் தீவில் ஆயுதங்களை ஒப்படைத்தார். சந்தா சாகிப் தஞ்சைத் தளபதி மானோஜியின் வாக்கை நம்பிப் போய்த் தலையை இழந்தார். அவர் கல்லறை நத்தர்வலி தர்காவில் இருக்கிறது.

போர் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். முடியவில்லை. உதவிக்கு வந்த மைசூர்ப் படைத் தலைவர் நஞ்சராஜருக்குத் திருச்சியையே தருவதாக முகமது அலி வாக்களித்திருந்தார். வேலை முடிந்ததும் தர மறுத்தார். மைசூர் பிரெஞ்சுப் பக்கம் போனது; முராரி ராவும் போனார். அடுத்த இரண்டு ஆண்டு திருச்சியைச் சுற்றி நடந்தது அரிசிக்கான போர். கோட்டைக் களஞ்சியத்து நெல்லை நவாபின் மைத்துனரே விற்றுத் தீர்த்திருந்தார். அது தெரிந்ததும் கோட்டைக் காவல் தலைவர் டால்ட்டன் அவசரக் கடிதம் எழுத, 1753இல் லாரன்ஸ் மறுபடி திருச்சிக்கு ஓடிவந்தார். ஊர் மக்கள் பசி தாங்காமல் வெளியேறிவிட்டார்கள். புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் மாட்டு மேல் மூட்டை வந்தால் அன்று சோறு, வராவிட்டால் இல்லை. வண்டித் தொடரைக் காவலோடு கொண்டுவருவது, பின்வாங்கும்போதும் வரிசை கலையாமல் நடப்பது, இரவில் ஓசையின்றி நகர்வது: சிப்பாய்கள் கற்ற பாடங்களில் பெரும்பகுதி இவைதான். வெற்றிக் கம்பங்களில் இதையெல்லாம் பொறிப்பதில்லை.

1753 ஜூன் 26 அன்று பொன்மலை. இன்று ரயில்வே பணிமனை இருக்கும் அதே பொன்மலைதான். குன்றின் மேலிருந்த காவலைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துவிட்டார்கள். லாரன்ஸிடம் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். சிப்பாய்களில் பலர் அரிசி வாங்க நகருக்குள் போயிருந்தார்கள். ஒரு குண்டும் சுடாமல், துப்பாக்கி முனைக் கத்தியோடு மலையேறச் சொன்னார். கிரனேடியர்களும் தேர்ந்த சிப்பாய்களும் ஏறினார்கள். மேலே இருந்தவர்கள் மறுபக்கம் இறங்கி ஓடினார்கள். அதோடு கீழே நின்ற பிரெஞ்சு வரிசையும் உடைந்தது. திரும்பும் வழியில் ஆயிரக்கணக்கான குதிரைப் படை சூழ்ந்தும் அந்தச் சிறு கூட்டம் கலையவில்லை. தேவிக்கோட்டை ஓடைக்கரையில் சிப்பாய்கள் தயங்கி நின்றது 1749இல். இடையில் நான்கே ஆண்டு. செப்டம்பரில் சுகர்லோஃப் என்று ஆங்கிலேயர் அழைத்த குன்றருகே நடந்த சண்டையில் பிரெஞ்சுத் தளபதி அஸ்த்ரூக்கே சிறைப்பட்டார்.

ஆசிரியரின் உண்மையான தேர்வு, அவர் வகுப்பில் இல்லாதபோதுதான் நடக்கும். அது நவம்பர் 27ஆம் தேதி இரவு நடந்தது. லாரன்ஸ் படையோடு கோவிலடியில் இருந்தார். பிரெஞ்சுக்காரர் திருச்சிக் கோட்டையின் வெளிமதிலில் ஏறிப் பீரங்கி மேடையைப் பிடித்தார்கள். அங்கே காவலிருந்த சிப்பாய்கள் தூங்கிவிட்டிருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சுடக்கூடாது என்ற கட்டளையை மீறிப் பிரெஞ்சு வீரர்கள் கைப்பற்றிய பீரங்கியை ஊர்ப்பக்கம் திருப்பி வெடித்து ஆரவாரம் செய்தார்கள். ஊர் விழித்துக்கொண்டது. லெப்டினன்ட் ஹாரிசன் என்ற இளம் அதிகாரியின் கீழ் உள்ளே இருந்தவர்கள், யாரும் வந்து சொல்லாமலே தத்தம் இடத்தில் போய் நின்றார்கள். இருட்டில் வாசலை நோக்கி இடைவிடாமல் சுட்டார்கள். கதவைத் தகர்க்க வந்தவர்கள் விழுந்தார்கள். உள்ளே வந்தவர்கள் வெளியேற வழியின்றி விடிந்ததும் சரணடைந்தார்கள்.

இனி அவருடைய தலைமாணாக்கர். கிளைவை நான் சொல்லவில்லை. யூசுப்கான், நம் மக்கள் வாயில் கான்சாகிபு, மருதநாயகம். இராமநாதபுரத்துப் பனையூரில் பிறந்தவர் என்பது மரபு. கிளைவின் படையில் சேர்ந்து, திருச்சியில் லாரன்ஸிடம் வளர்ந்தார். எந்த ஊரில் நெல் இருக்கிறது, எந்தப் பாதையில் எதிரிக் குதிரை இல்லை, யாரிடம் கேட்டால் செய்தி கிடைக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவு வேறெவருக்கும் தெரியவில்லை. திருச்சி பட்டினியால் விழாமல் இருந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. லாரன்ஸே அதை எழுதி வைத்தார்.

அவரைக் கெடுக்க ஒரு சதி நடந்தது. லாரன்ஸின் துபாஷியான (மொழிபெயர்ப்பாளரான) பொன்னியப்பன், லாரன்ஸ் பேசிய இரகசியங்களை மைசூர்க்காரருக்குச் சொல்லிவந்தவன். யூசுப்கான் கோட்டையைத் திறந்துவிடச் சம்மதித்தது போல ஒரு பொய்க் கடிதத்தைச் சிக்க வைத்தார்கள். யூசுப்கான் காவலில் வைக்கப்பட்டார். ஆனால் கடிதத்தைக் கண்டதும் தலையை வாங்கிவிடவில்லை, விசாரித்தார்கள். உண்மை வெளிவந்தது. பொன்னியப்பனைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். யூசுப்கான் கம்பெனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட் ஆனார். சமயபுரத்தில் கேட்கத் தவறிய கேள்வி இங்கே கேட்கப்பட்டது.

மீதி வாழ்க்கையை வேகமாகக் கடந்துவிடலாம். 1754இல் அரசரின் படையோடு வந்த கர்னல் அட்லர்கிரோன், பதவி மூப்பைக் காட்டி லாரன்ஸுக்கு மேலே உட்கார்ந்தார். கம்பெனி லாரன்ஸுக்கு 750 பவுன் மதிப்புள்ள வாள் கொடுத்துச் சமாதானம் செய்தது. தமக்கு வாள் தர முன்வந்தபோது, என் தளபதிக்குத் தராமல் எனக்கு வேண்டாம் என்று கிளைவ் மறுத்தது தனிக் கதை. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது கோட்டைக் காவலை நடத்தியவர் லாரன்ஸ். வெளியிலிருந்து பிரெஞ்சுப் படையை அலைக்கழித்தவர்களில் யூசுப்கான் முக்கியமானவர். அந்தக் காலத்தில்தான் தனித்தனிக் கூட்டங்களாக இருந்த சிப்பாய்கள் முறையான பட்டாளங்களாக அமைக்கப்பட்டார்கள். இன்றைய மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பை 1758 என்றே கணக்கிடுகிறது. இடையில் ஊர் போன லாரன்ஸ் 1761இல் மேஜர் ஜெனரலாகத் திரும்பி வந்து, 1766இல் நிரந்தரமாக ஊர் போனார். கிளைவ் அவருக்கு ஆண்டுக்கு 500 பவுன் கொடுத்துவந்தார். 1775 ஜனவரி 10 அன்று இலண்டனில் இறந்தார். அவருடைய நெருங்கிய நண்பர் ராபர்ட் பாக். பாதிரியாராக வந்து சென்னை ஆளுநரானவர். பாக் நீரிணை அவர் பெயர்தான். அவர் இங்கிலாந்தின் டெவனில் லாரன்ஸுக்காக ஒரு நினைவுக் கோபுரம் எழுப்பினார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கம்பெனி வைத்த நினைவுச் சின்னத்தில் நம் திருச்சியே செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கல்வெட்டு அவர் சாதனைகளை அடுக்கும்போது, கோட்டைகளுக்கும் வெற்றிகளுக்கும் முன்னால் சொல்வது அவர் நிலைநாட்டிய ஒழுங்கைத்தான்.

இப்போது மூன்றாம் கேள்வி. கற்றவர்களுக்கு என்ன கிடைத்தது?

1764 அக்டோபர் 15 அன்று, மதுரையில், யூசுப்கான் தூக்கிலிடப்பட்டார். மதுரைச் சீமையை நிர்வகிக்க அனுப்பப்பட்டவர், நவாபுக்குக் கீழ்ப்பட மறுத்துத் தனிக்கொடி பிடித்தார். முற்றுகையிட்ட கம்பெனிப் படையை மாதக்கணக்கில் தடுத்து நிறுத்தினார். அந்தத் தற்காப்பு, திருச்சியில் கற்ற பாடம். கடைசியில் சொந்த ஆட்களே பிடித்துக் கொடுத்தார்கள். அப்போது சென்னையில் ஆளுநர் ராபர்ட் பாக். படைத் தலைவர் ஸ்டிரிங்கர் லாரன்ஸ். பத்தாண்டுக்கு முன்னால் பொய்க் கடிதத்தை விசாரித்துக் காப்பாற்றியவர்களின் ஆட்சியிலேயே கயிறு விழுந்தது. திருச்சியில் மைசூர்ப் பக்கம் நின்று இந்தப் போரையெல்லாம் பார்த்த இன்னொருவர் ஹைதர் அலி. அவர் லாரன்ஸின் வகுப்பில் சேரவில்லை. எதிர்வரிசையில் இருந்தே கற்றார். 1767 முதல் கம்பெனிக்கே அந்தப் பாடத்தைத் திருப்பி ஒப்பித்தார்.

லாரன்ஸ் நல்ல ஆசிரியர் என்றுதான் முடிப்பேன். ஆனால் அவர் கற்பித்த விதியை அவரை அனுப்பிய கம்பெனி கடைப்பிடிக்கவில்லை. பாராவில் நிற்கும் சிப்பாயிடம் பெயரைப் பார்க்காதே, அடையாளச் சொல்லைக் கேள் என்றார்கள். பதவி உயர்வு என்று வந்தபோது கம்பெனி திறமையைக் கேட்கவில்லை. பெயரையும் நிறத்தையும்தான் கேட்டது. முப்பது ஆண்டு உழைத்த சுபேதார், நேற்று கப்பலில் வந்து இறங்கிய ஆங்கிலச் சிறுவனுக்கு வணக்கம் வைத்தார். பொன்மலையில் ஏறிய சிப்பாய்களில் ஒருவர் பெயரைக்கூட ஓர்மின் புத்தகம் நமக்குத் தரவில்லை.

இந்தியர்களை முழு அதிகாரிகளாக்கும் இராணுவக் கல்லூரி டேராடூனில் தொடங்கியது 1932இல். இந்தியப் படைக்கு முதல் இந்தியத் தலைமைத் தளபதியாக ஜெனரல் கரியப்பா பொறுப்பேற்ற நாள் 1949 ஜனவரி 15. லாரன்ஸ் தேவனாம்பட்டினத்தில் இறங்கியது 1748 ஜனவரி. வரிசையில் நிற்கவும் கட்டளைக்குச் சுடவும் நம் ஆட்கள் நான்கே ஆண்டில் கற்றுக் காட்டினார்கள். கட்டளையிடும் இடத்தை அவர்களுக்கு விட்டுக் கொடுக்க மற்றவர்களுக்கு இருநூற்றோர் ஆண்டு பிடித்தது. மெதுவாகக் கற்றவர்கள் யார் என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.